கணிப்பொறியில் ஆவணம் அமைத்தல்

சேலத்திலிருந்து ஆத்தூருக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் மரவள்ளிக் கிழங்கை அரைத்துச் சவ்வரிசி ஆக்கும் ஆலைகள் பல உள்ளன. நாமக்கல்லில் கோழிப் பண்ணைகளும், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் மிகுதி. திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. இவையெல்லாம் உடலுழைப்பால் நடைபெறும் தொழில்கள் என்றே காண்போர் எண்ணுவர். ஆயின், ஒவ்வோர் ஆலைக்கும் பண்ணைக்கும் பின்னால் ஓர் அலுவலகம் உண்டு. வங்கிக்குக் கடிதம், வாடகை ஒப்பந்தம், விலைப்பட்டியல், ஆண்டறிக்கை, ஆட்சியர் அலுவலகத்திற்கு விண்ணப்பம் என அங்கே எழுத்து வேலை நாள்தோறும் நடைபெறுகின்றது.

முன்னாளில் இவ்வேலைக்குத் துணையாய் இருந்தது தட்டெழுத்துப் பொறி. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா, தமிழின் 247 எழுத்துகளையும் ஒரு சில விசைகளில் அடக்கும் வழி கண்டவர். அப்பொறிக்குத் தெரிந்தது வடிவம் ஒன்றே. தலைப்பைத் தாளின் நடுவில் அமைக்க வேண்டுமாயின், எழுத்துகளை எண்ணிக் கணக்கிட்டு, இடைவெளி விசையை அத்தனை முறை தட்டுதல் வேண்டும். அட்டவணை அமைப்பதும் அவ்வாறே. சிறிய நகரங்களிலும் இருந்த தட்டெழுத்துப் பயிலகங்கள் இக்கலையைக் கற்பித்தன. அஃது எளிய திறன் அன்று. அதில் தேர்ந்தோர் நன்கு மதிக்கப்பெற்றதும் தகும்.

கணிப்பொறி வந்தபின்னும் பலர் அப்பழக்கத்தைக் கைவிட்டாரில்லை. இதனால் விளையும் துன்பத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். சவ்வரிசி ஆலை ஒன்றின் எழுத்தர் இருபது பக்க ஆண்டறிக்கையைச் சொற்செயலியில் எழுதுகின்றார் என்று கொள்வோம். ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியே பெரிதாக்கித் தடித்த எழுத்தாக மாற்றுகின்றார். அடுத்த பக்கத்திற்குச் செல்ல, நுழைவு விசையைப் பத்து முறை தட்டுகின்றார். அறிக்கை கண்ணுக்கு அழகாகவே இருக்கின்றது. மாலையில் ஆலை உரிமையாளர் மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரிகள் சேர்க்கச் சொல்கின்றார். அவ்வளவுதான்! பக்கத்தின் தலையில் நின்ற தலைப்புகள் நடுவிற்கு இறங்கிவிடுகின்றன. பொருளடக்கத்தின் பக்க எண்கள் பொய்யாகின்றன. எழுத்தர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகின்றார்.

இங்கே பிழை பொறியினுடையது அன்று. ‘இவ்வரி பெரிதாக இருக்கட்டும்’ என்று எழுத்தர் சொன்னாரேயன்றி, ‘இது தலைப்பு’ என்று சொல்லவில்லை. அதனைச் சொல்லுவதற்கென்றே சொற்செயலியில் ‘பாணி’ என்னும் வசதி அமைந்துள்ளது. லிபரே ஆபீசு மென்பொருளில், வரியின்மீது சுட்டியை வைத்து, கண்ட்ரோல் விசையோடு 1 என்னும் எண்ணை அழுத்தினால் அவ்வரி முதல்நிலைத் தலைப்பாகும். மைக்ரோசாப்ட் வேர்டில் ஆல்ட் விசையையும் சேர்த்து அழுத்துதல் வேண்டும். தலைப்புகளின் அளவை மாற்ற விரும்பினால், பாணியை ஒருமுறை மாற்றினால் போதும்; இருபது தலைப்புகளும் உடனே மாறிவிடும். பொருளடக்கத்தையும் பொறியே தொகுத்துத் தரும். புதிய பக்கம் தொடங்க, கண்ட்ரோலையும் நுழைவு விசையையும் சேர்த்து ஒருமுறை அழுத்தினால் போதும். பல பக்கங்களுக்கு நீளும் விலைப்பட்டியலில், ஒவ்வொரு பக்கத்திலும் தலைவரி தானே திரும்ப வருமாறு செய்யவும் வழியுண்டு. இதனை அறியாமல் கையாலே எழுதிச் சேர்ப்போர் எத்தனையோ பேர்!

இதில் பிறருக்கும் ஒரு நன்மை உண்டு. பார்வையற்றோர் திரைபடிப்பான் என்னும் மென்பொருளால் ஆவணங்களைச் செவிவழிப் படிக்கின்றனர். பாணியால் அமைந்த தலைப்புகளின் வழியே அவர்கள் வேண்டிய பகுதிக்குத் தாவிச் செல்லலாம். வெறுமனே பெரிதாக்கிய வரி அவர்களுக்குத் தலைப்பாகப் புலப்படாது.

வரிகளுக்கு நேர்ந்த இந்நிலை எழுத்துகளுக்கும் நேர்ந்தது. முற்காலத் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதிய கோப்பை, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே தோன்றும். வடிவம் தமிழாய் இருந்தது. உள்ளே தமிழ் இல்லை. ஒருங்குறி இக்குறையை நீக்கிற்று. 1991ஆம் ஆண்டில் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் ‘க’ என்பது 2965 என்னும் எண். அதனோடு இகரக் குறிக்குரிய 3007 சேர்ந்தால் ‘கி’ ஆகும். எந்த எழுத்துருவில் காட்டினாலும் எண் மாறுவதில்லை. ஆதலின் தேடினால் கிடைக்கும். தமிழ்நாட்டு அரசும் 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

தட்டும் முறையிலும் இவ்வாறே சிக்கனம் உண்டு. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பெற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையில் உயிரையும் மெய்யையும் ஒலிக்கும் முறைப்படி தட்டினால் போதும். ‘மரவள்ளிக்கிழங்கு’ என்னும் சொல்லில் மூன்று புள்ளிகள் உள்ளன. ளகரத்தையும் ககரத்தையும் இரட்டித்துத் தட்டும்போதும், ஙகரத்தையடுத்துக் ககரத்தைத் தட்டும்போதும் அப்புள்ளிகள் தாமே அமைந்துவிடும். ஆக மொத்தம் பதின்மூன்று தட்டுகளே.

சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் 1997 ஜனவரி முதல் நாளன்று தனி மாவட்டமாயிற்று. அந்நாளில் தட்டெழுத்தில் அடித்த தாள்களைக் கறையான் விட்டுவைத்திருப்பின், இன்றும் எவரும் படிக்கலாம். பழைய எழுத்துருக்களில் எழுதிய கோப்புகளோ, அவற்றிற்குரிய எழுத்துரு கிடைத்தாலன்றித் தமிழாகத் தோன்றா. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் உண்டு. ஆயினும் இன்ன எழுத்துருவில் எழுதியது என்பது முதலில் தெரிய வேண்டும். கோப்பினிடையே உள்ள ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாக மாறிவிடுவது உண்டு. ஆகவே, மாற்றிய பக்கங்களைப் பழைய தாளோடு வைத்து, ஒருவர் படிக்க மற்றொருவர் வரிவரியாகச் சரிபார்த்தல் வேண்டும்.