பருவுக்கு லேசரா, தழும்புக்கு லேசரா?

நம்ம தர்மபுரி பக்கத்துல இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது: "முகம் முழுக்கப் பரு. பெங்களூரு போய் லேசர் பண்ணிக்கலாமா?" இங்கிருந்து பெங்களூரு சுமார் 130 கிலோமீட்டர். சேலம் அதுல பாதி தூரம். ரெண்டு ஊர்லயும் லேசர் விளம்பரத்துக்குப் பஞ்சமே இல்லை. காசு கட்டுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியதை இன்னைக்குப் பேசிடலாம்.

பரு வேற, பரு காய்ஞ்ச இடத்துல வர்ற கறை வேற, குழித் தழும்பு வேற. கண்ணாடி முன்னாடி நின்னு விரலால மெதுவா தடவிப் பாருங்க. நிறம் மட்டும் கருத்து, தோல் சமமா இருந்தா அது கறை. வெயில் படாம பார்த்துக்கிட்டா, பெரும்பாலும் சில மாசத்துல தானாவே மங்கும். விரல் பள்ளத்துல இறங்குச்சுன்னா அதுதான் தழும்பு. லேசருக்கு முக்கியமான வேலை இருக்கிறது இந்த மூணாவது இடத்துலதான்.

அது எப்படி வேலை செய்யுது? தழும்புக்கு அதிகமா பயன்படுத்துறது ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்ஸைடு லேசர். இதோட ஒளி 10,600 நானோமீட்டர் அலைநீளம். தோல்ல இருக்கிற தண்ணீர் அதை உறிஞ்சிச் சூடாகும். அப்போ கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் விழும். துளைக்கும் துளைக்கும் நடுவுல இருக்கிற தோலை லேசர் தொடாது. அந்த நல்ல தோல்ல இருந்துதான் காயம் சீக்கிரம் ஆறும். ஆறும்போது புது கொலாஜன் உருவாகி, பள்ளம் கொஞ்சம் மேல வரும். பகுதி பகுதியா சுடுற இந்த யோசனையை அமெரிக்காவுல மான்ஸ்டைன், ஆண்டர்சன் குழுவினர் 2004-ல் வெளியிட்டாங்க.

"கொஞ்சம்" என்ற வார்த்தையைக் கவனிச்சுக்கோங்க. தழும்பு குறையும், முழுசா அழியாது. ஒரு தடவையில முடியாது, பல வாரம் இடைவெளி விட்டு பல அமர்வு தேவைப்படும். ஒவ்வொரு அமர்வுக்கும் பல ஆயிரம் ரூபாய் ஆகலாம். ஊசி குத்தின மாதிரி ஆழமான குழிக்கு லேசர் மட்டும் போதாது. அந்தக் குழிக்குள்ள மட்டும் ஆசிட் வைக்கிற முறை இருக்கு. அலை மாதிரி இறங்கின தழும்புக்கு, அடியில இழுத்துப் பிடிச்சிருக்கிற நாரை ஊசியால அறுத்து விடுவாங்க. எல்லாருக்கும் ஒரே பேக்கேஜ்னு யாராவது சொன்னா, யோசிக்கணும்.

அடுத்தது நம்ம தோல் நிறம். மாநிறத் தோலுக்குச் சூடு பட்டா, மெலனின் அதிகமா சுரந்து அந்த இடம் கருத்துப்போக வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் சரியாகிடும், ஆனா வாரக்கணக்கு, சில சமயம் மாசக்கணக்கு ஆகும். அதனால நம்ம தோலுக்கு ஏத்த மாதிரி சக்தியைக் குறைச்சு வைக்கத் தெரிஞ்ச டாக்டர் வேணும். லேசருக்குப் பிறகு வெயிலும் ஆகாது. சிகிச்சை முடிஞ்ச மறுநாளே தக்காளித் தோட்டத்துல நிக்கிறவங்களுக்கும், பைக்ல சுத்தி டெலிவரி பண்றவங்களுக்கும் இது பெரிய பிரச்சினை. வேலையில லீவு கிடைக்குமான்னு முதல்லயே பார்த்துக்கோங்க. "அடுத்த மாசம் கல்யாணம், அதுக்குள்ள முகம் பளிச்னு ஆகணும்"னு ஓடுறதும் இதனாலதான் ஆபத்து. மேடையில கருத்த முகத்தோட நிக்க வேண்டி வரலாம்.

முகத்துல பரு இன்னும் வந்துக்கிட்டே இருந்தா, தழும்புக்கு லேசர் பண்றதுல பிரயோஜனம் இல்லை. ஒரு பக்கம் பள்ளத்தை நிரப்பும்போதே இன்னொரு பக்கம் புதுப் பள்ளம் விழும். முதல்ல பருவை அடக்கணும். பருவையே குறைக்கிற லேசரும் இருக்கு. 1,726 நானோமீட்டர் லேசர் ஒன்றுக்கு அமெரிக்காவுல 2022-ல் அனுமதி கிடைச்சுது. ஆனா முதல் மருந்து இன்னமும் அடாப்பலீன், பென்சாயில் பெராக்சைடு மாதிரி சாதாரண க்ரீம்தான். பலன் தெரிய 2, 3 மாசம் பொறுக்கணும். பரு கடுமையா இருந்தா ஐசோட்ரெடினோயின் மாத்திரை தருவாங்க. கர்ப்பத்துல இருக்கிற குழந்தையை இது கடுமையா பாதிக்கும். அதனால பெண்கள் டாக்டர் மேற்பார்வை இல்லாம தொடவே கூடாது. லேசர் பண்ணப் போற இடத்துலயும் இந்த மாத்திரை சாப்பிடுறதைச் சொல்லணும்.

இந்த முதல் கட்டத்துக்குப் பெங்களூரு பஸ் ஏற வேண்டியதே இல்லை. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-ல் வந்தது. அங்க தோல் பிரிவுல ஓ.பி. சீட்டு போட்டுப் பாருங்க. மருந்துக்கடையில "வெள்ளையாகுற க்ரீம்"னு கேட்டு வாங்கிப் பூசியிருந்தா, டியூபையும் கையோட கொண்டு போங்க. அதுல ஸ்டீராய்டு இருந்தா, பருவுக்கு அதுவே காரணமா இருக்கலாம்.

பிறகு லேசர்னு முடிவு பண்ணினா, கிளினிக்ல நாலு கேள்வி கேளுங்க. கருவியைக் கையில பிடிக்கப்போறது தோல் மருத்துவரா, வேற யாராவதா? என் தழும்பு எந்த வகை? எத்தனை அமர்வு, மொத்தச் செலவு எவ்வளவு? கருத்துப்போனா என்ன செய்வீங்க? நேரா பதில் சொல்றவங்ககிட்ட மட்டும் பணம் கட்டுங்க.

கடைசியா ஒண்ணு. பருவைக் கிள்ளாதீங்க. பல தழும்பு அங்கதான் ஆரம்பிக்குது. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.