பூச்சு தடவும் முன் செவுளைப் பாருங்கள்

தேன், எலுமிச்சைச் சாறு, பூண்டு, மிளகுத்தூள், கொஞ்சம் உப்பு. இவற்றைக் குழைத்து மீன் துண்டுகளில் பூசி, 200 டிகிரி சூட்டில் கால் மணி நேரம் ஓவனில் வைத்தால் பளபளப்பான பூச்சோடு மீன் வெந்துவிடும். ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும். வேலை முடிந்து களைத்து வரும் நாளுக்கு இது அருமையான ராத்திரிச் சாப்பாடு. (ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் சேர்ந்த எதையும் கொடுக்காதீர்கள்.) ஆனால் இனிப்பும் புளிப்பும் பூண்டு வாசமும் சேர்ந்த அந்தப் பூச்சு, பழைய மீனின் வாடையையும் மறைத்துவிடும். அதனால் மீனைச் சோதிக்கிற வேலையை வாங்கும் இடத்திலேயே முடித்துவிட வேண்டும்.

நம் கோவைக்குக் கடல் கிடையாது. உக்கடம் லாரிப்பேட்டை மொத்த மார்க்கெட்டுக்கு ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கமிருந்தும் கேரளக் கரையிலிருந்தும் லாரியில்தான் மீன் வருகிறது. மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் போட்டிருந்தால் இந்தப் பயணம் மீனைக் கெடுக்காது. ஐஸில் காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்தான் ஃபார்மலினைத் தேடுகிறார். பிணத்தைப் பதப்படுத்தும் திரவம் அது. அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. 2018 ஜூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை நடத்திய ‘ஆபரேஷன் சாகர் ராணி’ சோதனையில், நமக்குப் பக்கத்திலிருக்கும் வாளையார் சோதனைச் சாவடியில் மட்டும் ஃபார்மலின் கலந்த இறால் 6,000 கிலோ பிடிபட்டது. உக்கடத்திலும் அதிகாரிகள் சோதனை நடத்தி இப்படிப்பட்ட மீனை அழித்திருக்கிறார்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையில் ஜூலை 31 வரை தடை இருக்கும். வரத்து குறையும் இந்த மாதங்களில் கூடுதலாகக் கவனியுங்கள். ‘அண்ணா, செவுளத் தூக்கிக் காட்டுங்க’ என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நேர்மையான வியாபாரி மகிழ்ச்சியோடு காட்டுவார். உக்கடத்தில் பெரும்பாலோர் அப்படித்தான். செவுள் சிவந்தும் கண் தெளிந்தும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை திரும்பி எழ வேண்டும். மீன் வாடையே இல்லாமல், ஈ உட்காராமல், ரப்பர்போல விறைத்திருந்தால் வாங்காதீர்கள். கண் பார்வைக்குத் தப்புகிற ஃபார்மலினையும் காட்டிக்கொடுக்க, கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் காகிதப் பட்டைச் சோதனைக் கருவி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. சில நிமிடங்களில் நிற மாற்றம் தெரிந்துவிடும்.

ஃபார்மலினைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஹிஸ்டமினைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். மத்தி, அயிலை, சூரை ஆகிய மீன்கள் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால், சதையில் பாக்டீரியா இந்தப் பொருளை உண்டாக்கிவிடும். ஓவன் சூட்டிலோ எண்ணெய்க் கொதியிலோ அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பில் தடிப்பு வரும். ‘மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நாம் நம் உடம்பின் மேல் பழியைப் போடுகிறோம். பல நேரம் குற்றம் மீனைக் கெடவிட்டவருடையது. மருத்துவரிடம் என்ன மீன், எப்போது சாப்பிட்டது என்று சொல்லுங்கள். மிச்சமிருக்கும் துண்டைக் கொட்டாமல், சோதனைக்காகப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டிலும் இதே விதிதான்: மசாலா தடவிய மீன் ஊற வேண்டிய இடம் ஃப்ரிட்ஜ், சமையல் மேடை இல்லை.

உறைந்த மீன் பாக்கெட் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மீன் உலராமலிருக்க மேலே மெல்லிய ஐஸ் பூச்சு கொடுப்பார்கள். அந்த ஐஸை நீக்கிய எடையைத்தான் நிகர எடையாக அச்சிட வேண்டும். கடையின் மின்னணுத் தராசும் ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை பெற்றிருக்க வேண்டும். குறை இருந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் செய்யலாம்.

சட்டம் வாங்குபவர் பக்கம் நிற்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006இன் 40ஆம் பிரிவுப்படி, வாங்கிய பொருளை நீங்களே கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். கோவையிலேயே ஆய்வகம் இருக்கிறது. வாங்கும்போதே ‘சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்’ என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். தரம் தவறியது என்று அறிக்கை வந்தால் கட்டணம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். 65ஆம் பிரிவு இழப்பீட்டையும் வரையறுக்கிறது: உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுக்குள் அணுகலாம். ரசீது கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் செல்போனில் பணம் செலுத்துங்கள், அந்தப் பதிவும் சாட்சிதான்.

இதில் எதற்கும் நேரமில்லை என்பவர்கள்கூட ஒன்று செய்யலாம். கெட்ட மீனையும் கடையையும் படமெடுத்து, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டையும் இன்றே செல்போனில் பதிந்து வையுங்கள்.