அடுப்படியில் நின்றபடி ஆண்டவரோடு

காலையில் எழுந்து வேதம் வாசித்து, முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினால், மறுபடி கடவுளை நினைப்பது இரவில் படுக்கப் போகும்போதுதான். இப்படிச் சொல்லி வருத்தப்படாத விசுவாசிகள் குறைவு. பவுலோ, தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் இடைவிடாமல் ஜெபிக்கச் சொல்கிறார். வேலைவெட்டி உள்ளவர்களுக்கு இது நடக்கிற காரியமா?

நடக்கும் என்று வாழ்ந்து காட்டியவர்களில் ஒருவர் சமையல்காரர். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த கார்மேல் மடத்துச் சகோதரர் லாரன்ஸ். இயற்பெயர் நிக்கோலா எர்மான். லொரேன் பகுதியில் பிறந்தவர். போர்வீரராக இருந்து காயம்பட்டு, கடைசிவரை காலை இழுத்து இழுத்து நடந்தார். பிறகு ஒரு பெரிய மனிதர் வீட்டில் எடுபிடி வேலை. கையில் எடுத்ததையெல்லாம் போட்டு உடைக்கிற ஆள் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். 1640-இல் மடத்தில் சேர்ந்தார். பெரிய படிப்பு இல்லாததால் குருவாகவில்லை. அடுப்படியைக் கொடுத்தார்கள்.

அவருக்குச் சமையல் வேலை பிடிக்காது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பிடித்த வேலையில் கடவுளை நினைப்பது யாருக்கும் எளிது. இவர் பிடிக்காத வேலையைப் பதினைந்து ஆண்டுகள் செய்தார். அங்கேதான் தேவபிரசன்னத்தைப் பழகினார். அவர் கையாண்ட முறையில் சூட்சுமம் எதுவும் இல்லை. வேலை தொடங்கும்முன், “நீர் கூட இருந்து உதவும்” என்கிற பொருளில், மனதில் தோன்றிய சொற்களில் ஒரு சின்ன ஜெபம். வேலையின் நடுவே அவ்வப்போது ஒரு வார்த்தை. முடிந்தபின் திரும்பிப் பார்ப்பார்: நன்றாக அமைந்திருந்தால் நன்றி, தவறியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். தவறியதையே நினைத்து மருகிக்கொண்டிருக்க மாட்டார். வாணலியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதைக்கூட ஆண்டவர்மீதுள்ள அன்புக்காகவே செய்ததாகவும், வேறு வேலை இல்லையென்றால் அங்கேயே தரையில் விழுந்து வணங்கியதாகவும் அவரைப் பற்றிய குறிப்பு சொல்கிறது.

ஒருமுறை மடத்துக்குத் திராட்சை மது வாங்க பர்கண்டிக்கு அனுப்பினார்கள். பேரம் பேசத் தெரியாது. கால் வேறு சரியில்லை. படகில் பீப்பாய்கள்மேல் உருண்டு உருண்டுதான் நகர முடிந்தது. “இது உம்முடைய காரியம்” என்று ஆண்டவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இதைக் கேட்டதும் ஒரு சந்தேகம் வரும். கணக்கு எழுதுகிறவரும் பேருந்து ஓட்டுகிறவரும் ஆபரேஷன் செய்யும் டாக்டரும் வேலையை விட்டுக் கடவுளை நினைத்துக்கொண்டிருக்க முடியுமா? முடியாது, நினைக்கவும் கூடாது. கவனம் முழுவதும் வேலையில் இருக்க வேண்டிய நேரத்தில் இருக்கட்டும். அந்த வேலையை ஆண்டவருக்கென்று தொடங்கியிருந்தால் போதும். சிக்னலில் நிற்கும்போது, குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது, லிஃப்டில் ஏறும்போது நாம் பாட்டுக்கு போனை எடுக்கிறோமே, அந்த இடைவெளிகள் போதும். தாய் அடுப்படியில் வேலையாக இருந்தாலும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைமீது ஒரு காது வைத்திருக்கிறாள் அல்லவா, அதுபோலத்தான்.

மனம் அலைபாயுமே என்றால், அலைபாயும். லாரன்ஸும் இந்த விஷயத்தில் தனக்கு விலக்கு இருந்ததாகச் சொல்லவில்லை. மனதைத் திட்டினால் இன்னும் தூரம் போகும், அமைதியாகத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும் என்பதே அவர் ஒருவருக்கு எழுதிய ஆலோசனை. முதல் பத்து ஆண்டுகள் தனக்கு மிகவும் கஷ்டமாக இருந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒரு வாரம் முயன்றுவிட்டு ‘ஒன்றும் உணரவில்லையே’ என்று சோர்ந்துபோகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பரவசமோ கண்ணீரோ வந்தால்தான் தேவன் அருகில் இருக்கிறார் என்று நாமாக ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டால், உணர்ச்சி வற்றிய நாளில் விசுவாசமும் வற்றிப்போகும்.

அமெரிக்க மிஷனரி ஃபிராங்க் லாபாக் வேறு வழியில் முயன்றார். 1930 வாக்கில் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் இருந்தபோது விடாமல் கடவுளை நினைக்கப் பயிற்சி எடுத்தார். பிற்பாடு, நிமிடத்துக்கு ஒரு விநாடியாவது அவரை நினைப்பது என்று இதை ஒரு விளையாட்டாகவே வகுத்து எழுதினார். பல நாட்கள் தோற்றுப்போனதை அவரே ஒப்புக்கொள்கிறார். சிலருக்கு இது உதவும். குற்றவுணர்ச்சிக்காரர்களுக்கு மட்டும் நான் இதைச் சொல்ல மாட்டேன். எத்தனை நிமிடம் தவறவிட்டோம் என்று எண்ணுவதிலேயே நாள் போய்விடும்.

இதெல்லாம் இருக்கிறதே என்று தனிஜெபத்தையும் ஆலயத்தையும் விட்டுவிடலாமா? லாரன்ஸ் வாழ்ந்தது மணியடித்தால் ஜெபத்துக்குக் கூடும் மடத்தில். அந்த நேரங்களை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. காலையில் முழங்காலில் பேசிப் பழகாதவருக்குப் பகல் பதினோரு மணிக்கு அடுப்படியில் பேச்சு வருவது கடினம்.

லாரன்ஸ் 1691-இல் இறந்தபிறகு, ஜோசஃப் டி போஃபோர் என்ற குரு அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்து வெளியிட்டார். ஒரு மாலையில் வாசித்து முடித்துவிடக்கூடிய சிறிய நூல்தான். அதைத் தேடிப் படிப்பதற்கு முன்பே தொடங்கிவிடலாம். நாளைக்குச் செய்யவேண்டிய வேலைகளில் உங்களுக்குச் சற்றும் பிடிக்காத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கும்முன் ஒரு வரி ஆண்டவரிடம் சொல்லுங்கள், முடித்ததும் இன்னொரு வரி. நாளைக்கு அவ்வளவு போதும்.