பிஞ்சுக் கைக்கு எடைப்பயிற்சி ஆகுமா?

உடற்கல்விக்கென்றே டாக்டர் சிவந்தி ஆதித்தனார் கல்லூரி இயங்கும் ஊர் திருச்செந்தூர். ஆனாலும், எடை தூக்கினால் பிள்ளை குட்டையாகிவிடும் என்ற பயம் அங்குள்ள பெற்றோரையும் இன்னும் விடவில்லை. முறையாகக் கற்றுத்தந்து, பக்கத்தில் நின்று கவனித்தால் வளர்ச்சி தடைபடாது.

பருவமடையாத பிள்ளைக்குத் தசை அதிகம் பருக்காது; வலிமை மட்டும் கூடும். எப்படி? இருக்கும் தசைநார்களில் அதிகமானவற்றை ஒரே நேரத்தில் வேலைக்கு அழைக்க நரம்புகள் பழகுகின்றன.

மட்டை பிடிக்கும் பிள்ளைக்கு இந்த வலிமை கையில் மட்டும் இருந்தால் போதாது. பேஸ்பாலோ கிரிக்கெட்டோ, அடியின் விசை கையில் பிறப்பதில்லை. பாதம் தரையை உந்துகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் தொடர்கிறது, கடைசியில்தான் மட்டை சீறுகிறது. அதனால் தண்டாலோடு பஸ்கியும், கனமான பந்தை இடுப்பைத் திருப்பி எறிவதும் அவசியம். 5 முதல் 17 வயதினருக்கு வாரம் 3 நாளாவது தசை, எலும்பை வலுவாக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடல் கோணாமல் செய்ய வந்தபிறகே எடையைக் கூட்டுங்கள்.