கணக்கு தெரிந்த பெண்ணுக்கு ஈ.ஆர்.பி. எட்டாத கனியல்ல

“ஈ.ஆர்.பி. தெரியுமா?”

கணக்குப் பிரிவில் வேலை தேடி நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் எமது யுவதிகளைத் தடுமாற வைக்கும் கேள்வி இது. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்தவர்களும் ஏ.ஏ.ரி. பரீட்சை எழுதியவர்களும்கூட இக்கேள்வியின் முன் மௌனமாகி விடுகின்றனர். வவுனியாவில் சமூகப் பணியில் ஈடுபட்டிருக்கும் நான் இதனைப் பல பிள்ளைகள் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். நான் படித்தது சமூகவியல்; கணக்கியல் எனக்குப் புதிது. எனினும் இப்பிள்ளைகளோடு அமர்ந்து நானும் அறிந்துகொண்டவற்றை இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

ஈ.ஆர்.பி. என்றால் என்ன?

நிறுவன வளத் திட்டமிடல் என்பதே இதன் பொருள். கொள்வனவு, களஞ்சியம், உற்பத்தி, விற்பனை, சம்பளம், கணக்கு ஆகிய யாவற்றையும் ஒரே இடத்தில் இணைக்கும் மென்பொருள் இது. முன்னர் ஒவ்வொரு பிரிவும் தனித்தனிப் புத்தகம் வைத்திருந்தது. மாத முடிவில் அவை ஒத்துப்போகாமல் கணக்காளர் இரவிரவாக விழித்திருப்பார். இப்போது ஒரு பிரிவு இடும் பதிவு உடனே மற்றப் பிரிவுகளுக்கும் தெரிந்துவிடுகிறது.

இத்துறையில் பெயர் பெற்ற எஸ்.ஏ.பி. நிறுவனத்தை 1972ஆம் ஆண்டு ஜேர்மனியில் ஆரம்பித்தவர்கள், ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய ஐவர். சுவீடனில் 1983இல் தோன்றிய ஐ.எப்.எஸ். நிறுவனம் இலங்கையிலும் பெரியதொரு மென்பொருள் உருவாக்கப் பிரிவைக் கொண்டுள்ளது. 2005இல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்டு இன்று ஒடூ எனப்படும் மென்பொருளுக்குக் கட்டணமற்ற பதிப்பும் உண்டு. பெயர்கள் பலவாயினும் அடிப்படை ஒன்றுதான்.

உள்ளே நடப்பது என்ன?

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு தையல் நிறுவனம் மீற்றர் 500 ரூபா வீதம் 200 மீற்றர் துணிக்குக் கட்டளை கொடுக்கிறது. வந்து சேர்ந்ததோ 180 மீற்றர். களஞ்சியப் பொறுப்பாளர் 180 என்று பதிந்தவுடன், இருப்புக் கணக்கில் 90,000 ரூபா வரவாகவும், பில் வரும்வரை வைக்கப்படும் இடைக்காலக் கணக்கில் அதே தொகை செலவாகவும் தானாகவே பதிவாகின்றன. பின்னர் வழங்குநர் 200 மீற்றருக்கு 100,000 ரூபா பில் அனுப்புகிறார். கட்டளை, பெற்ற அளவு, பில் ஆகிய மூன்றையும் மென்பொருள் ஒப்பிடுகிறது. வித்தியாசம் இருந்தால் கொடுப்பனவு நிறுத்தி வைக்கப்படும்படி அதனை அமைத்திருப்பார்கள்.

அது ஏன் நிற்கிறது என்பதைக் கண்டறிய வேண்டியவர் கணக்கு உதவியாளரே. 20 மீற்றர் வரவேயில்லையா, களஞ்சியத்தில் பிழையாக எண்ணினார்களா, வழங்குநரிடம் திருத்திய பில் கேட்பதா என்பதை மென்பொருள் தீர்மானிக்காது. அதற்குக் கணக்கறிவு வேண்டும். 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் லூக்கா பச்சியோலி அச்சில் விளக்கிய அதே இரட்டைப் பதிவு முறைதான் இம்மென்பொருளின் உள்ளேயும் இயங்குகிறது. பாடசாலையில் வரவு, செலவு என்று நாம் படித்தது வீண்போகவில்லை.

காப்பை அடகு வைக்கலாமா?

ஒரு தாய் என்னிடம் வந்தார். “மிஸ், காப்பை அடகு வைச்சு இந்தக் கோர்ஸ் படிப்பிச்சா பிள்ளைக்குக் கட்டாயம் வேலை கிடைக்குமோ?” என்று கேட்டார். கையில் ஒரு விளம்பரத் துண்டு. சில மாதங்களில் எஸ்.ஏ.பி. ஆலோசகராகலாம் என்று அதில் இருந்தது.

ஆலோசகர் வேறு, பயனாளர் வேறு. நிறுவனத்திற்கேற்ப மென்பொருளை அமைத்துக் கொடுப்பவர் ஆலோசகர். அதற்குப் பெரும்பாலும் வேலை அனுபவம் எதிர்பார்க்கப்படும். நாளாந்தம் அதில் கணக்குப் பதிபவர் பயனாளர். ஆரம்பத்தில் எமது பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடியது இந்த வேலையே. அத்துடன், வகுப்பு நடத்துபவர் தரும் சான்றிதழ் எஸ்.ஏ.பி. நிறுவனம் தானே பரீட்சை வைத்து வழங்கும் சான்றிதழ் ஆகாது.

ஆகவே பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள் என்று அந்தத் தாயிடம் கூறினேன். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? சான்றிதழை வழங்குவது யார்? பயிற்சி செய்யக் கணினியில் உண்மையான மென்பொருள் தருவார்களா? 2015இல் வெளிவந்த எஸ்/4 ஹானாவைக் கற்பிக்கிறார்களா, அல்லது 2027 முடிவோடு வழமையான பராமரிப்பு நின்றுவிடும் என அறிவிக்கப்பட்ட பழைய பதிப்பையா?

அங்கு மூன்றாவது கேள்விக்கே பதில் கிடைக்கவில்லை. மகள் கட்டணமற்ற ஒடூவைத் தன் மச்சாளின் மடிக்கணினியில் நிறுவி, ஒரு கற்பனைக் கடைக்கு இரண்டு மாதம் கணக்கு எழுதிப் பழகினாள். முதல் நேர்முகப் பரீட்சையில் தெரிவாகவில்லை. இரண்டாவதில், “கொடுப்பனவு ஏன் நிற்கும்?” என்று கேட்டார்களாம். அவளால் விளக்க முடிந்தது. மொத்த வியாபார நிறுவனமொன்றில் இப்போது கணக்கு உதவியாளராக இருக்கிறாள். மென்பொருள் வேறு, பழகச் சில வாரங்களே எடுத்தன என்கிறாள்.

கடவுச்சொல் உங்கள் கையொப்பம்

வேலை கிடைத்த சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. “சேர் கேட்டார், கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டேன்” என்று சிலர் சாதாரணமாகச் சொல்கின்றனர். பெரிய ஈ.ஆர்.பி. மென்பொருள்களில் ஒவ்வொரு பதிவோடும் பதிந்தவரின் பெயரும் திகதியும் நேரமும் சேமிக்கப்படும். கணக்கில் ஏறிய பதிவை அழிக்க முடியாது. எதிர்ப்பதிவு இட்டே திருத்த வேண்டும். வழங்குநரைப் புதிதாகச் சேர்ப்பவரும் அவருக்குப் பணம் விடுவிப்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்பது கணக்காய்வின் அடிப்படை விதி. உங்கள் கடவுச்சொல்லை இன்னொருவர் பயன்படுத்தினால் அந்த விதி உடைகிறது. நாளை விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மேலதிகாரியிடம் மறுத்துப் பேசுவது எமது பெண்களுக்கு இலகுவல்ல என்பதை அறிவேன். “எனக்கு அனுமதியில்லை சேர், உங்களுக்கு வேறொரு கணக்கு எடுத்துத் தரச் சொல்கிறேன்” என்று பணிவாகச் சொல்லலாம்.

எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை எவரும் ஒரு வாரத்தில் காட்டித் தருவர். அழுத்தியதும் எந்தக் கணக்கு வரவாகிறது, எது செலவாகிறது, ஏன் என்பதைக் கற்றவள் எந்த மென்பொருளின் முன்னும் தயங்க மாட்டாள். உயர்தரக் கணக்கியல் புத்தகம் வீட்டில் எங்கேனும் கிடந்தால், அதனைத் தூசி தட்டி எடுத்துப் படிக்கத் தொடங்குங்கள்.