கடை ரொட்டியும் வீட்டுப் பருப்பும்



சம்பளம் போட்ட மறுநாள் பட்டணத்துக்குப் புறப்படும் குடும்பம், சாமான் வாங்குமுன் எங்கே பசியாறும் என்பது நமக்குத் தெரியும். ரொட்டி சானாய் கடையில்தான். சிங்கப்பூரில் இதையே ரொட்டி பிராட்டா என்பார்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு திருநாள். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் காசு கொடுத்துச் சாப்பிடுகிற நாம், "நல்லா இருக்கு", "நல்லா இல்லே" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். எது நன்றாக இருந்தது, எது குறை, அதை நம் வீட்டு அடுப்பில் எப்படித் திருத்தலாம் என்று இன்று பார்ப்போம்.

கடைக்காரருக்குச் சேர வேண்டிய பெருமையை முதலில் கொடுத்துவிடுவோம். அவர் ரொட்டி வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஏடு ஏடாக மிருது. வீட்டில் செய்து பார்த்த தாய்மார் பலர், "எங்கள் ரொட்டி தோல் மாதிரி இழுக்கிறது, எங்களுக்கு வீசத் தெரியவில்லை" என்கிறார்கள். குறை வீச்சில் இல்லை, பொறுமையில் இருக்கிறது. கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது அதிலுள்ள புரதம் பசைபோல் இழைகிறது. பிசைந்த உடனே அது விறைத்து நிற்கும், இழுத்தால் சுருங்கும். பல மணி நேரம் ஊறினால் தளர்ந்து, மெல்லிய துணிபோல் விரியும். கடைக்காரர் முதல் நாளே பிசைந்து வைப்பது இதற்காகத்தான்.

ஆகவே இராச்சாப்பாடு முடிந்ததும் 500 கிராம் மாவில் ஒரு தேக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் சேர்த்து, சுமார் 280 மில்லிலிட்டர் தண்ணீர் விட்டு நன்றாகப் பிசையுங்கள். எட்டு உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி மூடி வையுங்கள். முட்டையும் பாலும் வேண்டாம். நம் வெக்கையில் இரவெல்லாம் வெளியே இருந்தால் கெட்டுப்போகும். காலையில் எண்ணெய் தடவிய மேசைமேல் கையாலேயே இழுத்து விரித்து, நாலாக மடித்துக் கல்லில் போடுங்கள். வீச வேண்டியதே இல்லை. சுட்டெடுத்ததும் இரு கைகளாலும் ஓரங்களைச் சேர்த்துத் தட்டினால் ஏடுகள் பிரியும். சூடு! பிள்ளைகளைத் தட்டச் சொல்லாதீர்கள்.

இனி குழம்புக்கு வருவோம். இங்கேதான் நமக்கு மனத்தாங்கல். ஒரே கடையில் காலை 7 மணிக்கும் 11 மணிக்கும் சாப்பிட்டுப் பார்த்தோம். ஏழு மணிக்குக் கரண்டியில் பருப்பு தெரிந்தது. பதினொரு மணிக்கு மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. உப்பு மட்டும் குறையவில்லை. கூட்டம் கூடக் கூடச் சட்டியில் தண்ணீரும் கூடியிருக்கிறது. எல்லாக் கடையும் அப்படியல்ல. என்றாலும் பெரிய ரொட்டி, கொஞ்சம் குழம்பு என்பதே பொதுவான கணக்கு. வளரும் பிள்ளைக்கு இது தலைகீழ்க் கணக்கு. கோதுமையில் லைசின் என்னும் புரதக் கூறு குறைவு; பருப்பில் அது நிறைய உண்டு. இரண்டும் தாராளமாகச் சேர்ந்தால்தான் உடல் வளர்க்கும் புரதம் சரியாகக் கிடைக்கும்.

ஐந்து பேருக்கு 200 கிராம் துவரம்பருப்பு போதும். மஞ்சள்தூளும் இரண்டு பல் பூண்டும் போட்டுக் குழைய வேகவிடுங்கள். புளியையோ தக்காளியையோ முதலிலேயே போட்டால் அந்தப் புளிப்பு பருப்பை வேகவிடாது. வெந்த பிறகே சேர்க்க வேண்டும். வீட்டோரத்து முருங்கைக்காய், கத்தரிக்காய், கேரட் எது இருந்தாலும் போடலாம். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போட்டால் கை தாராளமாகாது. கடுகு, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். இந்த வாசனை எந்தக் கடைச் சட்டியிலும் பதினொரு மணிவரை நிற்காது.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவில் 2023இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அப்பாவுக்கு இனிப்பு நீர் இருந்தால் அவர் தட்டில் ஒரு ரொட்டி, இரண்டு கரண்டி பருப்பு, மேலும் காய்கறி என்று மாற்றிப் போடுங்கள். பக்கத்தில் வைக்கும் தேநீரில் கட்டிப்பால் வேண்டாம். முதல் நாள் முகம் சுளிப்பார்.

பருப்பு மிஞ்சினால் ஆறியதும் கெட்டியாகிவிடும். வெந்நீர் விட்டு நன்றாகக் கொதிக்க வைத்து, அன்றைக்கே சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளலாம்.