ஆற்று மாதிரிகளும் தொடக்க நிபந்தனைகளும்

ஆறுகளின் வெள்ளப் போக்கையும் வண்டல் படிவையும் முன்கூட்டிக் கணிக்கக் கணித மாதிரிகள் பயன்படுகின்றன. ஆற்றின் ஒரு பகுதி மட்டுமே இவற்றில் ஆராயப்படுவதால், அப்பகுதிக்குள் வருவது என்ன, அது வெளியேறும் இடத்தில் நிலைமை என்ன என்பவற்றை நாமே வகுத்தளிக்க வேண்டும். இவை எல்லை நிபந்தனைகள் எனப்படும். கணக்குத் தொடங்கும்போது ஆறு இருக்கும் நிலை தொடக்க நிபந்தனை ஆகும்.

சமவெளி ஆறுகளில் பொதுவாக மேல் எல்லையில் காலத்துக்கேற்ப மாறும் நீர்வரத்தும், வண்டலின் அளவும் பருமனும் தரப்படுகின்றன. கீழ் எல்லையில் நீர்மட்டம் தரப்படுகிறது. வண்டல் வரத்தைக் குறைத்துக் காட்டினால், மாதிரியிலுள்ள நீர் அக்குறையை ஈடுசெய்ய மேல் எல்லையருகே படுகையை அரிக்கும். உண்மையில் இல்லாத அரிப்பு இவ்வாறு தோன்றிவிடும். ஆகவே, எல்லைகள் ஆய்வுக்குரிய இடத்திலிருந்து போதிய தொலைவில் அமைதல் வேண்டும்.

தொடக்க நீர்மட்டத்தில் சிறு பிழை இருப்பின், புதிதாக வரும் நீர் அதனை விரைவில் நீக்கிவிடும். படுகை மட்டத்தின் பிழையோ எளிதில் நீங்குவதில்லை. பேரேட்டில் ஆரம்ப இருப்பைத் தவறாக எழுதினால், பின்வரும் வரவுகள் யாவும் சரியாக இருந்தும் இறுதி இருப்பு பொய்த்துவிடுவதைப் போன்றது இது.

இதன் முக்கியத்துவத்தைக் கோசி ஆறு உணர்த்துகிறது. 1954ஆம் ஆண்டின் இந்திய-நேபாள உடன்படிக்கையைத் தொடர்ந்து எழுந்த அதன் கரைகள், விநாடிக்கு 9.5 லட்சம் கனஅடி நீரைத் தாங்குமாறு திட்டமிடப்பட்டவை. ஆயினும் 2008 ஆகஸ்ட் 18 அன்று, நேபாளத்தின் குசாஹாவில் கிழக்குக் கரை உடைந்தபோது ஆற்றில் ஓடியது சுமார் 1.44 லட்சம் கனஅடியே. இரு கரைகளுக்கிடையே பல்லாண்டுகளாகப் படிந்த வண்டல் படுகையை உயர்த்தியிருந்தது. நீரோட்டம் கிழக்குக் கரையை நெருங்கி அரித்தது. பீகாரில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டனர்.

பழைய குறுக்குவெட்டு அளவுகளை வைத்துக் கணக்கிடும் மாதிரி, இத்தகைய நீர்வரத்தை ஆபத்தற்றதெனக் காட்டக்கூடும். எனவே, மாதிரியின் முடிவை ஏற்குமுன் நிர்வாகிகள் இரண்டு கேள்விகளைக் கேட்டல் நலம்: படுகை கடைசியாக எப்போது அளக்கப்பட்டது? வண்டல் வரத்து அளந்து பெறப்பட்டதா, ஊகித்துக் கொள்ளப்பட்டதா? வண்டல் மிகுந்த ஆறுகளில் ஒவ்வொரு பருவமழைக்குப் பின்னும் படுகையை அளப்பதற்கு ஆகும் செலவு, வெள்ளத் தடுப்புச் செலவின் இன்றியமையாத பகுதியே ஆகும்.